ஒரே சீட்டு, நான்கு விடை: ஓர் இணையப் போக்கர் ஆட்டக்காரரின் தடுமாற்றமும் திருத்தமும்

எங்கள் சனிக்கிழமைக் குழுவில் ஒன்பது பேர். எல்லோரும் சிங்கப்பூர்த் தமிழர்கள். ஈசூன், உட்லண்ட்ஸ், ஜூரோங் என்று ஆளுக்கொரு மூலை. ஷிஃப்ட் வேலைக்காரர்களும் உண்டு, அலுவலகம் போகிறவர்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு போக்கர் செயலியில் தனி மேசை போட்டு இலவசச் சிப்ஸில், அதாவது பந்தயம் வைக்கும் வில்லைகளில், ஆடுவோம். பணம் கிடையாது, பரிசுப் பொருளும் கிடையாது. சீசன் முழுக்க ஒரு புள்ளிப் பட்டியல் ஓடும், அதுதான் எல்லாம். அந்தப் பட்டியலை வைத்திருப்பவன் நான். ஆடிய கைகளை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு என்ன சீட்டு, யார் என்ன செய்தார் என்பதை, செயலி அப்படியே சேமித்து வைத்திருப்பதால் இந்த ஆய்வை எழுத முடிகிறது.

பணமில்லாமல் ஆடுவதற்குக் காரணம் எளிது. சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2022இல் நடப்புக்கு வந்த பிறகு, உரிமமில்லாத தளத்தில் காசு கட்டி ஆடினால் ஆடுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுவதற்குத் தருகிற விலக்கு இணையத்துக்குக் கிடையாது. ஆகவே இது கணக்குக்கும் கௌரவத்துக்குமான ஆட்டம். இலவசச் சிப்ஸ் என்றால் ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் (இருக்கிற எல்லாச் சிப்ஸையும் வைப்பது) போவார்கள் என்ற பொதுவான குறை எங்களிடம் எடுபடாது. சீசன் முடிவில் யார் பெயர் மேலே இருக்கிறது என்பதில் எல்லோருக்கும் அவ்வளவு அக்கறை.

முதல் சீசனும் இரண்டாவதும்

முதல் சீசனில் ஒரே வகை ஆட்டம்தான்: ஒற்றை மேசை சிட் அண்ட் கோ. ஒன்பது பேர் உட்காருவோம், சிப்ஸ் தீர்ந்தவர் வெளியேறுவார். முதலிடத்துக்கு 50 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 30, மூன்றாமிடத்துக்கு 20. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த சீசனில் எங்கள் குழுவிலேயே இளையவரான தம்பி பட்டியலில் முதலிடம் பிடித்தார். அவர் கப்பல் பட்டறையில் மின் பராமரிப்பு வேலை பார்ப்பவர். பொறுமைசாலி. தொடக்கத்தில் ஒதுங்கி இருப்பார். நான்கு பேர் மிஞ்சும்போது மற்றவர்கள் அவசரப்பட்டு வெளியேற, இவர் புள்ளிக்குள் நுழைந்துவிடுவார்.

இரண்டாவது சீசனில் நான்கு வகைகளை மாற்றி மாற்றி வைத்தோம். பழைய சிட் அண்ட் கோ ஒன்று. கடைசி மூவருக்கும் சமமாக ஆளுக்கு 33 புள்ளி தரும் தகுதிச் சுற்று ஒன்று. போக்கர் ஆடுகிறவர்கள் சாட்டிலைட் என்பார்களே, அதே அமைப்பு. மூன்றாவது பவுண்டி: 50, 30, 20 அப்படியே இருக்கும், அதோடு யாரை வெளியேற்றினாலும் தலைக்குப் பத்துப் புள்ளி. நான்காவது, ஜெயித்தவருக்கே 100 புள்ளியும்.

தம்பி பாதி சீசனுக்குள் பட்டியலின் நடுவுக்கு இறங்கிவிட்டார். "சீட்டே விழமாட்டேங்குது அண்ணே" என்றார். குழுவிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். ராசி இல்லை, நேரம் சரியில்லை என்று. எனக்கு அது ஒப்பவில்லை. சிட் அண்ட் கோ வைத்த இரவுகளில் அவர் பழையபடிதான் ஆடினார், புள்ளியும் எடுத்தார். மற்ற மூன்றில்தான் சறுக்கல். ராசிக்கு ஆட்ட வகை தெரியாதே. அவருடைய கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த கணக்கு

பார்த்ததைச் சொல்லும் முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். டோர்னமெண்டில் சிப்ஸ் வேறு, பரிசு வேறு. கையில் இருக்கும் சிப்ஸை இரட்டிப்பாக்கினால் பரிசில் உங்கள் பங்கும் இரட்டிப்பாகிவிடாது. அந்தப் பங்கைக் கணக்கிடும் முறையை ஐசிஎம் (இண்டிபெண்டண்ட் சிப் மாடல்) என்பார்கள். ஒருவர் முதலிடம் பிடிக்கும் வாய்ப்பு, அவரிடம் மொத்தச் சிப்ஸில் எத்தனை விழுக்காடு இருக்கிறதோ அவ்வளவு. முதலிடக்காரரை விலக்கிவிட்டு மிச்சச் சிப்ஸில் அதே விகிதம் பார்த்தால் இரண்டாமிடம். அப்படியே மூன்றாமிடம். பல போட்டியாளர்கள் ஓடும் பந்தயத்தில் யார் எந்த இடம் பிடிப்பார் என்பதற்கு டேவிட் ஹார்வில் 1973இல் எழுதிய சூத்திரம் இது. 1987இல் மேசன் மால்முத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

நாங்கள் கைகளைப் பற்றிப் பேசக் கூடுவது ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில். பழைய ஃபேரர் பார்க் பந்தயத் திடல் அங்கேதான் இருந்தது. 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய், பிறகு கிராஞ்சிக்குப் போய், 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயத்தோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிந்தது. குதிரைக்காக எழுதிய சூத்திரத்தை அந்தச் சாலையில் உட்கார்ந்து சீட்டுக்குப் போட்டுப் பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி ஒரு நிலைமை. நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பத்து பிக் பிளைண்ட். பிக் பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை; அதில் பாதியை அவருக்கு முன்னால் இருப்பவர் கட்டுவது ஸ்மால் பிளைண்ட். எல்லோரும் முன்கூட்டியே கட்டும் ஆன்டி கிடையாது. முதல் இருவரும் ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் ஆல்-இன். நீங்கள் பிக் பிளைண்ட். கால் செய்யலாமா, அதாவது ஈடாகச் சிப்ஸ் வைத்து மோதலாமா?

ஃபோல்ட் செய்தால் கையில் ஒன்பது பிளைண்ட் மிஞ்சும். கால் செய்து ஜெயித்தால் இருபது. தோற்றால் வீடு. ஜெயித்தவருக்கே எல்லாம் என்ற ஆட்டத்தில் சிப்ஸும் பரிசும் ஒரே கணக்கு. இருபதில் ஒன்பது, அதாவது 45 விழுக்காடு ஜெயிக்கும் வாய்ப்பிருந்தால் கால் செய்யலாம். 50, 30, 20 என்ற சிட் அண்ட் கோவில் ஒன்பது பிளைண்டின் மதிப்பு 23.3 புள்ளி. இருபது பிளைண்டோடு மூவரில் ஒருவராக இருப்பதன் மதிப்பு 38.3 புள்ளிதான். சிப்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் புள்ளி அந்த அளவுக்கு ஏறவில்லை. எனவே தேவைப்படும் வாய்ப்பு 61 விழுக்காடாக உயர்கிறது. பவுண்டியில் ஜெயித்தால் கூடவே பத்துப் புள்ளி வருவதால் அது 48க்கு இறங்கும். பின்னால் வரக்கூடிய பவுண்டிகளை இதில் சேர்க்கவில்லை. தகுதிச் சுற்றிலோ ஒன்பது பிளைண்டோடு சும்மா உட்கார்ந்திருந்தாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு 71 விழுக்காடு. அதனால் 71க்கு மேல் ஜெயிக்கும் கை வந்தால்தான் கால்.

45, 48, 61, 71. சீட்டு அதே, சிப்ஸ் அதே, எதிரில் இருப்பவரும் அதே. விடை மட்டும் நான்கு. தம்பியின் தடுமாற்றம் முழுக்க இந்த நான்கு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஏஸ்-கிங்கை ஃபோல்ட் செய்வது

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார், மருத்துவமனையில் தாதி. ஸ்மால் பிளைண்டில் அவர் இருந்து, முன்னால் எல்லோரும் ஒதுங்கிவிட்டால், கையில் எது இருந்தாலும் எல்லாச் சிப்ஸையும் உள்ளே தள்ளிவிடுவார். அவர் காட்டிய கைகளை எடுத்துப் பார்த்தாலே தெரியும், இது எல்லோருக்கும் தெரிந்ததும்தான்.

ஒரு தகுதிச் சுற்றில் மேலே சொன்ன நிலைமை அச்சாக வந்தது. அக்கா ஆல்-இன். தம்பியிடம் ஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் கிங். இரண்டு வினாடிகூட யோசிக்கவில்லை, கால். அக்காவிடம் கிளாவர் பத்தும் ஆறும். ஃப்ளாப்பிலேயே (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ஒரு கிங் விழுந்தது, தம்பி ஜெயித்தார், இடம் உறுதியானது. வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல்.

இந்தக் கையைத்தான் முதல் பிழையாக நான் குறித்துவைத்தேன். எந்த இரண்டு சீட்டையும் எதிர்த்து, நிறம் (ஸ்பேட், ஆர்ட்டின் போன்ற சின்னம்) சேராத ஏஸ்-கிங் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 65 விழுக்காடு. தேவை 71. ஃபோல்ட் செய்திருந்தால் அவர் பங்கு ஏறத்தாழ 23.5 புள்ளி. கால் செய்ததில் ஏறத்தாழ 21.5. ஜெயித்துக்கொண்டே இரண்டு புள்ளியை மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கிங் விழுந்தது என்பதற்காகக் கணக்கு மாறாது.

சொன்னபோது தம்பிக்கு முகம் சுருங்கியது.

"ஏஸ்-கிங்க எப்படிண்ணே ஃபோல்ட் பண்றது? அக்கா எதை வேணும்னாலும் தள்ளுவாங்கன்னு தெரியுமே."

"தெரிஞ்சும் போதாதுடா. ரெண்டு ஒன்பது, இல்ல அதுக்கு மேல ஒரு ஜோடி இருந்தா மட்டும் கால் பண்ணு. ரெண்டு எட்டுகூட 69தான் வரும்."

பக்கத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "நீங்க எல்லாரும் ஒதுங்கிடுவீங்கன்னுதான் தம்பி தள்றேன். ஒதுங்காத ஒரே ஆள் நீதான்" என்றார்.

அவர் சொன்னதில்தான் இந்த ஆட்ட வகையின் உயிர் இருக்கிறது. ஒன்பது ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை மொத்தம் 36 சேர்க்கைகள். சீட்டுக்கட்டில் வரக்கூடிய இரண்டு சீட்டுக் கைகள் 1,326. நூற்றில் மூன்று தடவைகூட அந்தக் கை வராது. கணக்குத் தெரிந்த எதிராளியிடம் அக்கா தள்ளினால் கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் பிளைண்ட் அவருக்கே. தகுதிச் சுற்றில் தள்ளுகிறவருக்குத்தான் பலம், கால் செய்கிறவருக்குத் தண்டனை. இன்னொன்றும் உண்டு. சம சிப்ஸோடு நால்வர் இருக்கும்போது ஆளுக்கு முக்கால் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். இருவர் மோதினால் ஜெயித்தவருக்கு ஒரு முழு இடம், தோற்றவருக்குப் பூஜ்யம். மோதலுக்கு முன் இருவருக்கும் சேர்த்து ஒன்றரை இருந்தது, பின்னால் ஒன்றாகிவிட்டது. தொலைந்த அரை இடம் எங்கே போனது? சீட்டைத் தொடாமல் வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கும் ஆளுக்குக் கால்வாசி இடமாகப் போனது. சிட் அண்ட் கோவிலும் இதே கசிவு உண்டு, அளவு குறைவு: பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஆளுக்கு 25 புள்ளியிலிருந்து 30.8க்கு ஏறுவார்கள். ஜெயித்தவருக்கே எல்லாம் என்ற ஆட்டத்தில் கசிவே இல்லை.

பவுண்டி இரவில் கிங்-ஜாக்

முதல் பிழை துணிச்சலால் வந்தது என்றால் இரண்டாவது நேர் எதிர். பவுண்டி இரவு. நால்வர் மிச்சம், சிப்ஸ் ஏறத்தாழ சமம். அதே அக்கா, அதே ஆல்-இன். தம்பியிடம் நிறம் சேராத கிங்-ஜாக். முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டு யோசித்து ஃபோல்ட் செய்தார்.

சிட் அண்ட் கோவாக இருந்தால் நான் பாராட்டியிருப்பேன். எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக கிங்-ஜாக்கின் வாய்ப்பு 60ஐ ஒட்டி வரும், தேவை 61. மயிரிழையில் ஃபோல்ட். முதல் சீசனில் அவரை மேலே கொண்டுபோனதும் இந்த நுணுக்கம்தான். ஆனால் பவுண்டியில் தேவை 48. கால் செய்திருந்தால் சராசரியாக 29 புள்ளி, ஃபோல்ட் செய்ததில் 23. ஆறு புள்ளி போய்விட்டது. ஏஸ்-கிங் கையில் இழந்ததைப் போல மூன்று மடங்கு. அக்கா தன் கைகளில் மேல்பாதியை மட்டும் தள்ளுகிறவராக இருந்திருந்தாலும் கால்தான் சரி.

இந்தக் கையைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒருவரும் பேசவில்லை. ஃபோல்ட் செய்த கை திறந்து காட்டப்படுவதில்லை, தோற்ற வலியும் இல்லை. ஆட்ட வகை மாறும்போது பெரும்பாலான நட்டம் இப்படித்தான் சத்தமில்லாமல் போகிறது என்பது என் கருத்து. ஆல்-இன் போய்த் தோற்றதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 'இன்னும் கவனமாக ஆட வேண்டும்' என்று முடிவெடுப்பவர்கள் பவுண்டியில் மேலும் கீழே போவார்கள். தம்பி அந்தப் பாதையில் வெகுதூரம் போயிருந்தார். அவருடைய பவுண்டி இரவுகளில் இந்த மாதிரி ஃபோல்ட்கள் வரிசையாக இருந்தன.

ஆட்டத்துக்குள்ளேயே மாறும் ஆட்டம்

மூன்றாவது பிழை நான் எதிர்பார்க்காத இடத்தில், அவர் கைவந்த சிட் அண்ட் கோவிலேயே இருந்தது. மூன்றாமவர் வெளியேறி இருவர் மிஞ்சியதும் இருவருக்கும் 30 புள்ளி உறுதி. சண்டை மிச்சம் 20 புள்ளிக்குத்தான். அந்த 20ம் ஒருவருக்கே போகும் என்பதால், அந்த நொடியிலிருந்து அது ஜெயித்தவருக்கே எல்லாம் என்ற ஆட்டம். பத்து பிளைண்ட் மோதல் என்றால் தேவை மீண்டும் 45க்கு வந்துவிடும். தம்பியோ நால்வர் மேசையின் ஜாக்கிரதையை அப்படியே இருவர் மேசைக்கும் கொண்டுவந்திருந்தார். ஒரு கையில் குயின்-ஏழை ஃபோல்ட் செய்திருக்கிறார். எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராகப் பாதிக்குச் சற்று மேலே ஜெயிக்கிற கை அது. இருவர் ஆட்டத்தில் அது கெட்ட கையே இல்லை. சிப்ஸில் முன்னணியில் இறுதிக்கு வந்து, பிளைண்டாகவே கரைந்து இரண்டாமிடத்தில் முடித்த இரவுகள் முதல் சீசனிலேயே இருந்தன. முதலிடம் என்ற பட்டம் அதை மறைத்திருந்தது.

ஆழமான சிப்ஸோடு தொடங்கும் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன எண்கள் எல்லாம் பத்து பிளைண்ட் கதை. நூறு பிளைண்டோடு தொடங்கி, பிளைண்ட் நிலைகள் நிதானமாக ஏறும் ஆட்டத்தில் வேறு கேள்விகள் முக்கியம். கையில் இரண்டு நான்கு வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது நான்கு விழுவது ஏறத்தாழ எட்டரைத் தடவைக்கு ஒரு முறை. எதிராளியிடம் எடுக்கக்கூடிய சிப்ஸ் நிறைய இருந்தால் மலிவாக உள்ளே போய்ப் பார்ப்பது லாபம். பத்து பிளைண்டில் அதற்கு இடமே இல்லை. தம்பி செயலியில் பலமேசை ஆட்டங்களுக்குப் போனபோது ஒரு ஜோடி கிடைத்ததும் மொத்தத்தையும் உள்ளே தள்ளினார். குறுகிய ஆட்டத்தின் பழக்கம். அதைத் திருத்த நாங்கள் அதிகம் மெனக்கெடவில்லை. இரண்டு மூன்று தடவை அடி வாங்கியதும் அவரே நிறுத்திக்கொண்டார்.

செய்தது என்ன

திருத்தம் எளிமையாகத்தான் இருந்தது. தம்பியிடம் 'துணிந்து ஆடு' என்றும் சொல்லவில்லை, 'பொறுமையாக ஆடு' என்றும் சொல்லவில்லை. இரண்டும் குணத்தைப் பற்றிய அறிவுரை. அவர் குணத்தில் குறை இல்லை. ஒரு வகையில் பழகிய பதிலை இன்னொரு வகைக்கு அவர் சுமந்துகொண்டு போனதுதான் குறை. சுமந்துபோக வேண்டியது கேள்வியை: ஃபோல்ட் செய்தால் என் பங்கு என்ன, ஜெயித்தால் என்ன, இரண்டின் விகிதம் என்ன?

ஆட்டம் தொடங்குமுன் அன்றைய பரிசு அமைப்பைப் படித்து, நால்வர் மிஞ்சும்போது கால் செய்யத் தேவையான விழுக்காட்டை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொன்னேன். எண் ஒன்று மட்டும். இருவர் மிஞ்சியதும் அதை அடித்துவிட்டு 45 என்று எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கைகளை, முடிவை மறைத்துக் காட்டுவேன். வகையைச் சொல்வேன், சீட்டைச் சொல்வேன், அவர் கால் அல்லது ஃபோல்ட் என்று சொல்ல வேண்டும். அதே கையை வகையை மட்டும் மாற்றி மறுபடியும் கேட்பேன். முடிவை மறைத்தது பெரிய உதவி. கிங் விழுந்ததா என்று தெரியாதபோதுதான் கணக்கைப் பற்றிப் பேச முடிந்தது.

ஐசிஎம்முக்கும் எல்லை உண்டு, அதையும் அவருக்குச் சொல்லியே தந்தேன். அடுத்து யாருக்குப் பிளைண்ட் வருகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒருவரிடம் ஒரே பிளைண்ட் மிஞ்சி, அடுத்த கையிலேயே அவர் அதைக் கட்ட வேண்டும் என்றால், தகுதிச் சுற்றில் 71 என்பதும் போதாது, இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். யார் திறமைசாலி என்பதும் அதற்குத் தெரியாது.

சீசனின் பின்பாதியில் பவுண்டி இரவுகளில் தம்பியின் புள்ளிகள் தெளிவாக ஏறின. தகுதிச் சுற்றில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு சீசனின் கைகளை வைத்துக்கொண்டு இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். முடிவுகள் அந்த அளவுக்கு ஆடக்கூடியவை. நான் பார்த்தது முடிவெடுக்கும் விதத்தை. தகுதிச் சுற்றில் ஏஸ்-குயினை அவர் அக்காவுக்கு எதிராக ஃபோல்ட் செய்த கை பதிவில் இருக்கிறது. பவுண்டியில் அதைவிட மிகச் சாதாரணமான கையோடு கால் செய்து தோற்றுச் சிரித்துக்கொண்டே போனதும் இருக்கிறது. இரண்டும் சரி.

இப்போது அடுத்த சீசனுக்கு முற்போக்குப் பவுண்டி வைப்பதாகப் பேச்சு. ஒருவரை வெளியேற்றினால் அவர் தலைக்கான பத்தில் ஐந்து உடனே உங்களுக்கு, மிச்சம் ஐந்து உங்கள் தலை மேல் ஏறும். கடைசிவரை ஜெயித்தால்தான் அதுவும் உங்களுடையது. அதே நால்வர் நிலைமையில், கால் செய்து ஜெயித்தால் மொத்தச் சிப்ஸில் பாதி உங்களிடம் இருக்கும், முதலிட வாய்ப்பு பாதி. ஆக அந்த ஐந்தை இரண்டரையாக எடுத்துக்கொண்டால் தேவை 51 விழுக்காடு என்று என் கணக்கு. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தலைக்கு விலை ஏறினால் எல்லோரும் அவரைத்தான் குறிவைப்பார்கள், முன்பைவிடச் சுலபமாகக் கால் செய்வார்கள், அவர் தள்ளி ஒதுங்கவைப்பது கடினமாகும், அதனால் இரண்டரை அதிகம் என்கிறார். அக்கா அவர் பக்கம். அந்த ஐந்துக்கு என்ன மதிப்புப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.